விளக்குக்கு நேர் கீழே

தரைக்கல் பதிக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் கோணலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூடச் சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். பெயர் அப்படி வந்தது.

எங்கள் வழிபாட்டுக் கூடத்தைப் புதுப்பித்தபோது தரை வேலை அவளிடம் வந்தது. வாரந்தோறும் அவள் வந்து உட்காரும் கூடம்தான். குவிமாடத்தின் அடிவிளிம்பிலிருந்து பதினாறு கோடுகள் மேலேறி, உச்சியில் விளக்குக் கொக்கியில் வந்து சேரும். அதற்கு நேர் கீழே தரையில் பதினாறு முனை நட்சத்திரம் ஒன்று வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். கறுப்புக் கல், வெள்ளைக் கல் எல்லாம் அவளே பார்த்து எடுத்தது.

நடுவைக் கண்டுபிடிக்க எந்த அறையிலும் செய்வதைத்தான் செய்தாள். எதிரெதிர் மூலைகளுக்கு நூல் பிடித்து, நூல்கள் வெட்டிய இடத்தில் முதல் கல்லை வைத்தாள். மேலே வெள்ளையடிப்பவர்கள் பலகை போட்டுச் சாரம் கட்டியிருந்ததால் கொக்கி கண்ணில் படவில்லை. நட்சத்திரம் முடிந்து, சுற்றி இரண்டு வரிசையும் பதித்த மறுநாள் சாரத்தைப் பிரித்தார்கள். எலெக்ட்ரீஷியன் விளக்குச் சங்கிலியை இறக்கினார். அதன் நுனி நட்சத்திரத்தின் நடுவுக்கு நாலு விரல் தள்ளி நின்றது.

ஈரம் ஊறிய ஒரு பக்கச் சுவரை ஒட்டி, எப்போதோ உட்புறம் இன்னொரு செங்கல் வரிசை எழுப்பிப் பூசியிருக்கிறார்கள். சுவர் எட்டு விரல் உள்ளே வந்ததில் அறையின் நடு நாலு விரல் நகர்ந்திருந்தது.

"கொக்கியை நகத்தி அடிச்சிடறேன்க்கா," என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அந்தப் பதினாறு கோட்டையும் கூடவே நகத்திடுவியா தம்பி?"

அவர் ஏணியிலிருந்து இறங்கினார்.

அவளுக்குக் கலவை போட்டுக் கொடுக்கும் கணவர் விடவில்லை. "இங்க யாரு மேலயும் கீழயும் பாக்கப் போறாங்க? எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காருவாங்க."

"நான் மூடினா இந்த நாலு விரல்தான் தெரியும். அப்புறம் எங்க கும்பிடறது?"

"பேத்தெடுத்தா கல்லெல்லாம் உடையும்டி."

"உடையட்டும்."

"திறப்பு நாளைத் தள்ளச் சொல்லி நீயே போய்க் கேளு. என் தலையை உருட்டாத."

போய்க் கேட்டாள். கூடத்து நிர்வாகி வந்து பார்த்தார்.

"நேராத்தானேம்மா இருக்கு?"

"சங்கிலிக்குக் கீழ நின்னு குனிஞ்சு பாருங்கய்யா."

நின்றார், குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "ஒரு வாரம். அதுக்கு மேல கேக்காத."

அன்றைக்கே உளியோடு உட்கார்ந்தாள். கலவை இறுகியிருந்தது, முதல் கல்லே இரண்டாகப் போயிற்று. நாலாவது கல் உடைந்தபோது கணவர் எழுந்து வந்தார். "இப்படி அடிச்சா ஒண்ணும் மிஞ்சாது, தள்ளு," என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார்.

இந்தத் தடவை கொக்கியிலிருந்தே தூக்குக்குண்டு இறக்கினாள். காற்று அசைக்காதபடி கதவுகளைச் சாத்திவிட்டு, குண்டு ஆடி ஓயும்வரை பக்கத்தில் குந்தியிருந்து, பிறகு குறி வைத்தாள்.

அந்தக் குறியில் நட்சத்திரத்தை மறுபடி பதித்து, உடைந்த துண்டுகளை வெட்டி ஓரத்துக்குச் சேர்த்தார்கள். தடித்த சுவர்ப் பக்கத்து ஓரம் மட்டும் எதிர்ப்பக்கத்தைவிட எட்டு விரல் குறுகலாக முடிந்தது.

"ஏ கோணலு, ஓரம் கோணலாச்சே," என்றார் கணவர்.

"சுவரு தடிச்சதுக்கு ஓரம் பதில் சொல்லட்டும். நடு என்ன பாவம் பண்ணுச்சு?"

திறப்பு நாளில் கூடம் நிறைந்துவிட்டது. நட்சத்திரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்ததில் அதன் ஒரு முனைகூட வெளியே தெரியவில்லை. அவள் அந்தக் குறுகல் ஓரத்தில் இடம் பிடித்தாள். விளக்கை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.