ஆன்ட்ரூஸ் வாய் திறக்காத பாட்டு

ஆராதனையில் அந்த ஒரு கீர்த்தனை வந்தால் மட்டும் ஆன்ட்ரூஸ் வாயை மூடிக்கொள்வார். மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் கூரை அதிரும் குரல். அதற்கு மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். தொண்டைக்குள் ஒரு முனகல்தான். வாயைத் திறந்தால் பாட்டின் வரிக்குப் பதில் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்கள் வந்து விழுந்துவிடும் என்ற பயம்.

கருங்கல் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்கிறார். கல்ஃபில் சேர்த்த காசை, மகள் பெபிஷாவின் நர்சிங் படிப்புக்கென்று கிரிப்டோவில் போட்டார். முதலில் ஒரு கம்பெனியிடம் கொடுத்து வைத்திருந்தார். அது ஒருநாள் கதவைச் சாத்தியது, பாதிதான் மீண்டது. அன்றிலிருந்து நடுவில் ஆள் நின்றாலே அவருக்கு ஆகாது. மிச்சத்தை ஆளில்லாத சந்தைக்குக் கொண்டுபோனார். டெக்ஸ் என்கிறார்கள் அதை.

பக்கத்தில் சாளை மீன் விற்கும் கடியப்பட்டணத்து ஜெபகுமாரி சும்மா விடுவாளா?

"ஆளில்லாத சந்தையில வெல சொல்லது ஆரு அண்ணே, பேயா?"

"ஏட்டி, இஞ்ச பாரு." அவளுடைய மீனையும் தன் கிழங்கையும் ஒரே கூடையில் போடுவார். "இது பொதுக்கூடை. நாலு பேரு ரெண்டையும் போட்டு வச்சிருக்கினும். அவங்களுக்குச் சின்னக் கூலி உண்டு. ஒனக்கு மீன் வேணும்னா கிழங்கைப் போட்டுட்டு எடு. எடுக்க எடுக்க மீன் கொறையும். அடுத்தால வாறவன் கூடுதல் கிழங்கு போடணும். வெலயக் கூடையே சொல்லும். எனக்க பை எனக்க கையில."

"பை தொலைஞ்சா?"

"பன்னெண்டு வார்த்தை உண்டு. சொன்னா பை திரும்ப வரும். மறந்தா, போய்க் கேக்க ஆபீசு கெடையாது. வேற எவன் கேட்டாலும் சொல்லவும் கூடாது."

"கொள்ளாம். பாடம் முடிஞ்சுதுன்னா எனக்க மீனத் தாரும்."

எழுதி வையுங்கள் என்று மனைவி சத்தியபாய் தலையால் அடித்துக்கொண்டாள். எழுதினால் எவனும் எடுப்பான் என்று, சின்ன வயதிலிருந்து பாடிய கீர்த்தனையின் ராகத்தில் பன்னிரண்டையும் ஏற்றிக்கொண்டார். அவளிடம்கூட ஒரு சொல் சொல்லவில்லை.

அந்தப் பை இருந்த போன் கிழங்கு கழுவும் தொட்டிக்குள் விழுந்தது அப்புறந்தான். புதுப் போனில் பையைத் திரும்ப வரவழைக்க உட்கார்ந்தபோது ஆறு சொற்கள் வந்தன. ஏழாவது வரவில்லை. எத்தனை தடவை பாடினாலும் அந்த இடத்தில் பள்ளம். கஞ்சி இறங்கவில்லை. பெபிஷாவின் முகத்தைப் பார்க்காமலே நடமாடினார். கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழு ராகத்தைத் துரிதமாக்கி மூன்றாம் வரியின் இழுப்பை வெட்டியிருந்தது. அவரும் அதையே முனகிப் பழகிவிட்டார். ஏழாவது சொல் தொங்கிக்கொண்டிருந்ததோ அந்த இழுப்பில்.

சத்தியபாய்க்குப் புது ராகம் பிடிக்காது. தேங்காய் துருவிக்கொண்டே பழையபடி பாடினாள். ஆன்ட்ரூஸ் அடுக்களைக்கு ஓடிவந்தார்.

"சத்தியா, நிறுத்தாத! அந்த இழுப்பு, இன்னொருக்க இழு!"

இழுத்தாள். சொல் வந்து விழுந்தது. என்ன சொல் என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. பை திறந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்தார். "கஞ்சி இருக்கா?" என்றார்.

கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நடுவுல ஆளு ஆகாதுன்னு சொன்னியளே. நான் நடுவுல நிக்க ஆளா?"

அவர் ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, பன்னிரண்டையும் பழைய ராகத்தில் அவள் காதில் பாடிக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு அந்தக் கீர்த்தனை வந்தது. ஆண்கள் பக்கம் ஆன்ட்ரூஸின் உதடு ஒட்டிக்கொண்டது. பெண்கள் பக்கம் சத்தியபாய் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, சேலைத் தலைப்பால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.