மாட்டை மன்னித்த டிஸ்கவுண்ட்

புது எலக்ட்ரிக் கார் வாங்கிய அன்றே மகன் சொல்லிவிட்டான். "அப்பா, ஃபுல் இன்சூரன்ஸ் மலிவா கிடைக்காட்டி சாவிய என்கிட்ட குடுத்துடுங்க."

இன்று கண்டி டவுனில் மூன்று இன்சூரன்ஸ் கந்தோர்கள் ஏறி இறங்கினேன். இரண்டில் பேட்டரி விலையைச் சொல்லியே பயமுறுத்தினார்கள்.

மூன்றாவதில் இருந்த பெண்பிள்ளை கேட்டது, "யாரு ஐயா ஓட்டப்போறது?"

"நான்தான், மகள்."

என் நரைத்த தலையைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்கினாள்.

நான் பையிலிருந்து என் பழைய வேனின் இன்சூரன்ஸ் கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தேன். பன்வில மலைப்பாதை வளைவுகளில் காலமெல்லாம் ஓடிய வேன்.

மெனேஜரே எழுந்து வந்தார். "ஒரு க்ளைம்கூட எடுக்கலையா?"

"ஒருக்கா ஒரு மாடு வந்து முட்டிச்சு சேர். அதுகிட்ட இன்சூரன்ஸ் இல்ல. மன்னிச்சு விட்டுட்டேன்."

கந்தோரே சிரித்தது. க்ளைம் எடுக்காதவருக்கான டிஸ்கவுண்டைப் புதுக் காருக்கு முழுசாக மாற்றிக் கொடுத்தார்கள். மற்ற இரண்டு இடங்களையும்விட நல்ல மலிவு.

வீட்டுக்கு வந்து கடதாசியைக் காட்டினேன். மகன் குழைந்தான். "அப்பா, நாளைக்குக் காரைக் கொஞ்சம் தாங்களேன்."

"நீ இதுவரைக்கும் எத்தன க்ளைம் எடுத்திருக்க?"

அவன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. க்ளைமே எடுக்காத யோக்கியர்கள் இருந்தால் கீழே கமெண்டில் எழுதுங்கள், ஒரு ரவுண்டு கூட்டிப்போகிறேன். மாடுகளும் எழுதலாம்.