முத்துக்கண்ணு ஒன்றாம் வகுப்பில் தங்கிப்போன வருஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டுவிட்டேன். தை பிறந்தால் ஒரு நோட்டு வாங்குவேன், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அப்புறம் அந்த நோட்டில் மாடு கன்று போட்ட நாள் ஏறும், விதை விட்ட நாள் ஏறும், இந்தச் சமாசாரம் மட்டும் ஏறாது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கை நடுங்குகிறது, கண்ணும் சரியில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் கொள்ளுப்பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அச்சடித்த காகிதம் கொடுத்துவிட்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். இந்த வருஷத்தில் பிள்ளை என்னென்ன படிக்கும், எந்த மாதத்தில் எந்தப் பரீட்சை, பெற்றோர் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. என் மகள் முத்துக்கண்ணு, அவளுக்கு அந்தப் பிள்ளை மகன்வழிப் பேத்தி, காகிதத்தை என் கையில் கொடுத்து, "என்னமோ எழுதியிருக்காம், வாசிங்கப்பா" என்றாள்.

வாசித்தேன். 'ஏப்ரல் மாதம் முழுப் பரீட்சை. அந்த நாட்களில் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லாதீர்கள்' என்று ஒரு வரி இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவளுக்கு எப்படித் தெரியும்?

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க. எனக்கெல்லாம் எழுதிக் குடுத்திருந்தாலும் மண்டையில ஏறியிருக்காது. ஒண்ணாப்புலயே பெயிலான மண்டைல்ல இது" என்று தலையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அறுபது வயசுக்காரி. அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கேட்டு எனக்கு அலுத்துப்போய்விட்டது. கோபத்தில் வந்த அலுப்பு அல்ல. வேறே.

காகிதத்தில் அச்சு மையின் வாசம் அடித்தது. எங்கள் காலத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வாசம் கிடையாது, அங்கே கோவை இலை வாசம்தான். சிலேட்டை அழிக்கப் பிள்ளைகள் வேலியில் கோவை இலையைப் பறித்துக் கசக்குவார்கள், கையெல்லாம் பச்சையாக இருக்கும். முத்துக்கண்ணு வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். என் கையில் கோணிச்சாக்கு நாற்றம். நான் அப்போது கீரனூரில் கடலை மண்டியில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பொழுது சாய நடந்து ஊருக்கு வருவேன், திங்கட்கிழமை விடியப் போய்விடுவேன். சமஸ்தானத்துக் காலம், இரண்டாவது உலகச் சண்டை தொடங்கியிருந்த சமயம்.

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குக் கூப்பிடு தூரம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். நடந்தால் நாலு மைலுக்குக் குறையாது. ஊருக்கு ஒரே பள்ளிக்கூடம், ஒரே கூரை, ஒரே வாத்தியார். கிழக்கு ஓரத்தில் ஒன்றாம் வகுப்பு, தூணுக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு. வகுப்பு ஏறுவது என்றால் தூணைத் தாண்டுவது, அவ்வளவுதான்.

பெண்பிள்ளையைப் படிக்கவைக்க வீட்டில் எல்லாருக்கும் சம்மதம் இல்லை. அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவர், எங்கள் அப்பா போனபின் எங்களை ஆளாக்கினவர். அவரிடம் கேட்டபோது, வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஏன்டா, கோணி ஊசிக்காரன் மக கலெக்டராகப் போறாளாக்கும்? சரி, ஒன் ஆசைக்கு ஒரு வருசம் போகட்டும். மேல்வகுப்புக்கு ஏத்திவிட்டா படிக்கட்டும், நான் குறுக்க நிக்கலை. ஏத்தலைன்னா ஆட்டை ஓட்டிக்கிட்டு அவ பெரியாத்தாளுக்கு ஒத்தாசையா இருக்கட்டும். ரெண்டாம் தடவை எங்கிட்ட வந்து நிக்கப்படாது."

"சரிண்ணே" என்றேன். பிள்ளையின் படிப்பு முழுக்க அந்த ஒரு வருஷத்தில்தான் தொங்கியது. எனக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அம்மன் பாட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு நான் எழுத்துக்கூட்டிப் படித்தால், அம்மன் கேட்டு முடிப்பதற்குள் விளக்கில் எண்ணெய் தீர்ந்துவிடும். என் மகள் அதைத் தடங்கல் இல்லாமல் படிக்க வேண்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். வேறு எதையும் நான் பள்ளிக்கூடத்திடம் எதிர்பார்க்கவில்லை.

விஜயதசமி அன்றைக்குச் சேர்த்தோம். எல்லாரும் அப்படித்தான் சேர்ப்போம். தட்டில் பச்சரிசி பரப்பி, வாத்தியார் அவள் விரலைப் பிடித்து எழுதவைத்தார். மெலிந்த மனிதர், வெளியூர்க்காரர், சட்டைக்குள்ளிருந்து எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். "கொஞ்சம் பிந்தித்தான் சேத்திருக்கீங்க. பரவால்லைங்க, சூட்டிகையா இருக்கா, புடிச்சுக்குவா" என்றார். எதற்குப் பிந்தினோம், எதைப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல நாளில் சேர்த்திருக்கிறோம், இதில் பிந்துவது எங்கே வந்தது?

அங்கேதான் நான் தவறினேன். எங்களுக்கு வித்தைக்கு வருஷம் என்றால் விஜயதசமிக்கு விஜயதசமி. ஏடும் அரிவாளும் கோணி ஊசியும் சரஸ்வதி பூசையில் அம்மன் முன்னால் வைப்போம், மறுநாள் எடுப்போம், அன்றைக்கு வருஷம் புதிது. பள்ளிக்கூடத்து வருஷம் ஆனியில் பிறந்து பங்குனியில் முடிகிறது என்பது எனக்குத் தெரியாது. நான் படித்த நாலு வருஷத்திலும் என் அப்பா எதையும் எண்ணினதில்லை, எனக்கும் எண்ணத் தெரிந்திருக்கவில்லை. மகளுக்கு ஒரு முழு வருஷம் கையில் இருக்கிறது என்று நிம்மதியாக மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையிலேயே சூட்டிகைதான். மண்டியிலிருந்து நான் கொண்டுவரும் பழைய சாக்கில் மையால் குறி போட்டிருப்பார்கள். தைக்குள் அதை விரல் வைத்துப் படித்தாள். "அப்பா, இந்தச் சாக்குல 'கடலை'ன்னு எழுதியிருக்கு, உள்ளே தவிடுல்ல இருக்கு" என்று கேட்டு என்னை முழிக்கவைத்தாள்.

இந்த இடத்தில் வேண்டுதலைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வயசில் அவளுக்கு அம்மை போட்டு ஏழு நாள் கண் திறக்கவில்லை. நான் நார்த்தாமலை அம்மன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்து விழுந்து கும்பிட்டேன். "தாயே, கண்ணைக் குடுத்துரு. ஏழாம் வயசுல, நீ தேர் ஏறுற அன்னைக்குக் காலையில, வேப்பிலை கட்டி ஒன் சந்நிதிக்கு நடத்திக் கூட்டியாரேன்." எட்டாம் நாள் கண் திறந்தது. முத்துக்கண்ணு என்ற பெயரும் அதற்குப் பிறகு நிலைத்ததுதான். இப்போது ஏழாம் வயசு.

பங்குனித் தேருக்கு முதல் நாள் மண்டியில் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். பிள்ளை வாசலிலேயே நின்றாள்.

"அப்பா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராராம். எல்லாரும் கட்டாயம் வரணும்னு சார் சொன்னாரு. எங்கிட்ட ரெண்டு தடவை சொன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் வந்தால் வாத்தியார் ஊரெல்லாம் ஓடிப் பிள்ளைகளைத் திரட்டி உட்காரவைப்பார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் அன்றைக்குப் படிக்கிற பிள்ளைதான்.

"அவரு தலையெண்ண வாராரு ஆத்தா. ஒரு தலை கொறைஞ்சா ஒண்ணும் கெட்டுப்போகாது" என்றேன்.

அவளுடைய ஆத்தாளுக்கு மனசு கேட்கவில்லை. "சின்னது இம்புட்டுச் சொல்லுதே. ஒரு எட்டு வாத்தியாரைப் பாத்துக் கேட்டுட்டு வாங்களேன். அங்கிட்டுத்தானே இருக்காரு."

"கேட்டு? அம்மனுக்குச் சொன்ன நாளை மாத்தச் சொல்லுவியா? வருசம் முடிய இன்னும் ஆறு மாசம் கெடக்கு. சும்மா இரு."

அவள் சும்மா இருந்துவிட்டாள். எங்கள் தெருவில் மற்றவர்களும் தேருக்குத்தான் போனார்கள். அவர்கள் மத்தியானத்துக்கு மேல், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு, வண்டி கட்டினார்கள். நாங்கள் மட்டும் விடியற்கருக்கலில் கிளம்பினோம். வழியெல்லாம் பிள்ளை வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தாள். வேப்பிலை கட்டி, தலையில் தண்ணீர் ஊற்றி, சந்நிதிக்கு நடத்தினோம். கூட்டத்தில் நான் கை குவித்து நின்றபோது வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, இப்ப இன்ஸ்பெக்டர் வந்திருப்பாராப்பா?"

"சாமியைக் கும்பிடு" என்றேன்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அவள் தன் சேக்காளிகளோடு எழுந்து தூணைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாளாம். வாத்தியார் வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்து பழைய இடத்தில் உட்காரவைத்தாராம். சனிக்கிழமை நான் வந்தபோது சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியாரைத் தேடிப் போனேன். கிணற்றடியில் வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குத்தாங்க முழுப் பரீட்சை. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பிள்ளையா வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ஏத்துனாரு. வராத பிள்ளைக்கு நான் என்ன போடறது? ஒங்க மக பேரை ரெண்டு தரம் கூப்பிட்டேங்க."

"வருசம்... விசயதசமிக்குத்தானேங்க..." என்று இழுத்தேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஈரத் துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அடடா. அப்படியா எண்ணுனீங்க? நானாவது வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்." இருமிவிட்டுச் சொன்னார்: "போனாப் போகுதுங்க. நிறுத்திடாதீங்க, இன்னொரு வருசம் அனுப்புங்க. அந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரும்."

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். "என்னடா, ஏத்தலையாமே? ஏன்?" என்றார். பிள்ளை கதவோரத்தில் நின்றாள்.

நடந்ததைச் சொல்லியிருந்தால் அவர் மனசு இளகியிருக்கலாம். கோபக்காரர்தான், நியாயம் தெரிந்தவர். ஆனால் சொல்லவேண்டியது என்ன? கோயிலுக்குப் போனதால் பிள்ளையின் படிப்பு போயிற்று என்று. அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தால் அம்மனைக் குறை சொன்னதாகாதா? கொடுத்த கண்ணைத் திரும்பக் கேட்டால்? அந்த நேரத்தில் அப்படித்தான் பயந்தேன். குறை அம்மன்மேல் இல்லை, கேட்டுவிட்டு வரச்சொன்ன பேச்சைத் தட்டின என்மேல்தான் என்று சொல்ல எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. இது இரண்டாவது காரணம். இத்தனை நாள் முதல் காரணத்தை மட்டுமே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாருக்கு நம்ம பிள்ளை மேல என்னமோ பிடிக்கலை போலண்ணே. பெயில் போட்டுட்டாரு" என்றேன்.

அவ்வளவுதான். மறுநாள் அவள் கையில் ஆட்டுத்தழை அறுக்கும் அரிவாள் வந்தது.

சில நாள் கழித்துச் சந்தையில் அண்ணனும் நானும் நின்றிருந்தபோது வாத்தியார் எதிரே வந்தார். அண்ணன் சும்மா விடுவாரா? "என்ன வாத்தியாரே, சின்னப்பிள்ளையைப் பெயிலாக்கித்தான் ஒங்க பாண்டித்தியத்தைக் காட்டணுமா?" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். வாத்தியார் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே செத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. கத்தரிக்காய்ப் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷமே வேறு ஊருக்குப் போனார். எந்த ஊர் என்று நான் விசாரிக்கவில்லை.

இன்றைக்கு அந்தக் கூரைப் பள்ளிக்கூடம் இல்லை. தூண் நின்ற இடத்தில் யாரோ வைக்கோல் போர் வைத்திருக்கிறார்கள். அண்ணன் இல்லை, கேட்டுவிட்டு வாங்களேன் என்று சொன்னவளும் இல்லை. வாத்தியாரும் இருக்க வழியில்லை. அதற்கெல்லாம் அழுது என்ன, எல்லாருக்கும் போகிற நாள் உண்டு. முத்துக்கண்ணுக்குப் போன எழுத்துதான் போகாமல் இருந்திருக்கக்கூடியது. ஒரு தைக்குள் படித்ததை ஆட்டுக்குப் பின்னால் நடந்தே மறந்தாள். என் பாட்டுப் புத்தகத்தைச் செல் அரித்தது. அம்மன் இன்றுவரை அவள் கண்ணுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என்னைப்போல் மங்காத, ஊசியில் நூல் கோர்க்கும் கண். எழுத்தைத் தவிர எல்லாம் தெரிகிற கண்.

அவள் பெயிலாகவில்லை. பரீட்சைக்கே போகவில்லை. போகவிடாதது நான். வாத்தியார்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதை அவளுக்கு நானே வாசித்துக் காட்டுவதாக இருக்கிறேன். என் புத்தி எனக்குத் தெரியும், வரியைத் தாண்டிவிடுகிற கை இது. அதனால் இதைப் படிக்கிற உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். யாருக்குச் சொன்னாலும் எழுதினபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க ஒரு சொல் சேர்க்க வேண்டாம், வயசானவன் பாவம் என்று ஒரு சொல் எடுக்க வேண்டாம். நான் வாசிப்பதற்குள் என் நாள் முந்திக்கொண்டால், யாராவது ஒருவர் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுங்கள்.