‘சேமிக்கப்பட்டது’ என்று சொன்ன கணினி

திருக்கழுக்குன்றத்தில் என் மனைவி ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாள். நான் நாவலூரில் கணினியோடு மல்லுக்கட்டுகிறவன். அவளுக்கான மென்பொருளை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் அவளுக்கு ஒரே குறை: ஒவ்வொரு முடிவையும் சேமிக்க நாலு நொடி ஆகிறதாம். “உன் புரோகிராம் தூங்கிகினு கீது” என்று தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

ரோஷம் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விவரம் டிஸ்க்கில் பதிந்து முடியும்வரை காத்திருக்காமல், தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே “சேமிக்கப்பட்டது” என்று காட்டும்படி மாற்றினேன். டிஸ்க்கில் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்ளும். நடுவில் மின்சாரம் போனால் அம்போ என்பது தெரியும். யுபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியம். கூடவே, முடிவுகளை முதலில் நோட்டில் எழுதும் அவள் வழக்கத்தையும் கேலி செய்தே நிறுத்தினேன். கல்யாணமாகி அன்றுதான் என் படிப்பை முதன்முதலாகப் பாராட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்தது. மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று நான் இழுத்தடித்தேன். ஒரு சனிக்கிழமை காலை, நானும் அங்கே இருந்தபோது, கரண்ட் போனது. திரும்பி வந்தபோது அவள் கடைசியாக மளமளவென்று தட்டிய நாலு முடிவுகளைக் காணோம். பரிசோதனைக் கருவியும் அணைந்ததில் அதன் திரையிலும் ஒன்றுமில்லை. மூன்று பேருடைய ரத்தம் குழாயில் மிச்சமிருந்தது. நாலாவது, பிறந்து நாலே நாளான குழந்தையுடையது. மஞ்சள் காமாலை. குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டுகளும் தீர்ந்துவிட்டன. காமாலை அளவு பதினைந்தைத் தாண்டினால் உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பதிமூன்று பார்த்த மாதிரி நினைப்பு என்றாள் என் மனைவி. அப்படியானால் அதையே எழுதிக் கொடுத்துவிடு என்றேன், வெட்கமில்லாமல். குழந்தையின் அம்மாவும் அதையே எழுதித் தரச்சொல்லிக் கெஞ்சினாள். மறுபடி குத்தினால் பிள்ளை தாங்காது என்று அழுதாள்.

“நெனப்புல கீறத ரிப்போர்ட்டுனு தர மாட்டேன்” என்றாள் என் மனைவி. என்னைப் பார்த்து, “நீ வந்து கால புடி.”

வாயை மூடிக்கொண்டு பிடித்தேன். பாதம் என் நடுவிரல் நீளந்தான் இருந்தது. அவள் குத்தியதும் குழந்தை வீறிட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பதினேழு காட்டியது. நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

அன்று மாலையே பழைய நாலு நொடிக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியும் வாங்கினேன். அவள் என்னைத் திட்டவில்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு அலுத்துப்போய் உட்கார்ந்திருந்தவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் இருவரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீல விளக்கின் கீழே கிடந்து குழந்தை தேறியிருந்தது. வேகத்துக்கு ஆசைப்பட்டு நான் செய்த காரியத்தை அதன் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“உங்கள மட்டும் இன்னாண்ணா சொல்றது? நானுந்தான் எழுதிக் குடுங்கன்னேன்” என்றாள்.

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். என் மனைவி அதன் காலை மெல்ல வருடிக் கொடுத்தாள். குதிகாலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று என்னால் விழுந்தது.