அணைக்கப்படாத சூடம்

மலையாண்டி கைநீட்டிக் காசு வாங்கிக்கொண்டு பந்தயத்தை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று காளவாசல் டீக்கடையில் பேச்சு. டீக்கடைப் பேச்சில் பாதி பொய். எந்தப் பாதி என்று பார்த்துவரக் கிளம்பினேன்.

மலையாண்டி ஜட்கா ஓட்டுகிறவர். மெட்ராஸ் ரேஸில் ஓடி ஓய்ந்த ஒரு பெட்டைக் குதிரையை வாங்கிச் சவாரிக்குப் பூட்டியிருந்தார். எண்பத்தொன்று தை மாதம், மேலூர் ரோட்டில் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில் தன் ஊருக்காக அதை ஓட்டினார். அங்கே ஒரு விதி: குதிரை ஒரு பக்க முன்காலையும் மறுபக்கப் பின்காலையும் ஜோடி ஜோடியாக எடுத்துவைத்து ஓட்டநடையில்தான் வர வேண்டும். பாய்ச்சலில் இறங்கினால் ஆட்டம் காலி. எல்லைக் கொடி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் குதிரை பாய்ந்துவிட்டது. முதலாவதாக வந்தும் தோல்வி.

ஊர்க்காரர்கள் கோயில் முன்னால் சூடம் ஏற்றினார்கள். கடிவாள வாரைத் தளர்த்தவில்லை என்று சொல்லிக் கையால் அடித்து அணைத்தால், மறுவருடமும் ஊர் வண்டி அவருக்குத்தான். மலையாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது.

நான் வீட்டுக்குப் போனபோது, "அடிச்சிருந்தா முடிஞ்சுபோச்சு. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?" என்றார் அவர் மனைவி முத்துத்தாய்.

"காசு வாங்கலைன்னு சொல்லச் சொல்லியிருந்தா அடிச்சிருப்பேன். வாரைத் தளர்த்தலைன்னுல்ல சொல்லச் சொன்னாக?"

"ஏண்ணே தளர்த்துனீங்க?" என்றேன்.

"வண்டியில ஏறுங்க."

திருநகர் ரோடு. முதலில் டக், டக் என்று இரட்டைச் சத்தம். வாரைத் தளர்த்தினார். குதிரை குட்டித் தப்படிகளாக விடுவிடுவென்று வைத்தது. பிறகு தப்படி நீண்டது. நான்கு குளம்பும் தனித்தனியாக விழுந்தன. அதன்பின் ஒரு கணம் சத்தமே இல்லை. ஒரு காலும் மண்ணில் இல்லாத கணம். சட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி மீனாட்சியைக் கூப்பிட்டேன்.

"வலது முன்னங்காலை முந்திப் போடுதுல்ல? அசந்தா அந்தரத்துலயே இடதுக்கு மாத்திக்கிடும். அன்னைக்குப் பாயவே விடாம இழுத்துப் புடிச்சிருந்தேன். வாய் நுரையில ரத்தம் வந்துருச்சு. அம்புட்டுத்தேன், விட்டுட்டேன்."

ஊர்ப் பந்தயக் கமிட்டி விருமாண்டியிடம் போய் ரத்தம் வந்ததைச் சொன்னேன்.

"அப்ப தளர்த்துனது நெசந்தானே?" என்றார்.

நிஜம்தான். மறு தையில் ஊர் வண்டியை வேறொருவர் ஓட்டினார்.

திருநகர் சவாரிக்கு மலையாண்டி கூலி வாங்கவில்லை. "குதிரைக்கு ஒரு படி கொள்ளு போடுங்க, போதும்" என்றார். கொள்ளு வாங்கிவிட்டேன். ஆனால் கொள்ளுப் பையோடு அவர் வாசலில் நான் நின்றால், தோற்றதற்குக் கூலி வந்து சேர்ந்தது என்று காளவாசல் பேசும்.

கொள்ளு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது.