சௌக்கத் பாய் போட்ட முப்பத்திரண்டு டிக்

ராயபுரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆபீஸ். முதலாளி ராமசுப்பு அண்ணாச்சி, வெளியே போய் வேலை பார்க்கும் நாலு பேர், போனை எடுத்து யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் மகிமாவாகிய நான். அவ்வளவுதான் கம்பெனி. அந்த நாலு பேரில் மூன்று பேரைக் கத்தித்தான் கிளப்ப வேண்டும். சௌக்கத் அலியிடம் பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட நான் குரல் உயர்த்தியதில்லை. ஒன்பதரைக்கு வண்டியை எடுத்தாரென்றால் திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று சுற்றிவிட்டு, போன இடத்திலெல்லாம் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி, சாயங்காலம் என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார்.

தண்டையார்பேட்டைக்காரர். நாற்பத்தாறு வயது. பையில் எப்போதும் ஒரு பெயின்ட் பிரஷ் இருக்கும். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்களுக்கு வரும் வியாதி பாதி உப்புக்காற்று, பாதி கரித்தூள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. "பாய் வந்தா மெஷின் குளிச்ச மாதிரி ஆயிடுது" என்று கஸ்டமர்கள் சொல்வார்கள். அவரைக் குறை சொல்லி ஒரு போன் வந்ததில்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரைச் சோம்பேறி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் ஃபாரத்தில் பதினாலு வரி. ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம், வேலை முடிந்தால் அதில் டிக். பதினோராவது வரி: கே.வி.எம். பெட்டியின் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்பட்டதா?

கே.வி.எம். என்பது சின்ன இரும்புப் பெட்டி. ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ஒரே திரையை வைத்துக்கொண்டு நாலு கம்ப்யூட்டரை மாற்றி மாற்றி ஓட்டலாம். பட்டனைத் தட்டினால் அடுத்த கம்ப்யூட்டர் வரும். அந்தப் பெட்டிக்குள்ளும் சின்னதாக ஒரு புரோகிராம் உண்டு, அதற்குப் பெயர்தான் ஃபர்ம்வேர். அதில் தப்பு இருந்தால் பெட்டியைச் செய்தவன் திருத்திப் புதிதாக வெளியிடுவான். நாம் அதை இறக்கிப் பெட்டியில் ஏற்ற வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் ஏற்றமாட்டார்கள். ஓடுகிற பெட்டியைத் தொடாதே என்பதுதான் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லும் புத்தி. கட்டம் இருக்கிறது, அதனால் டிக் போடுவார்கள்.

பாய் ஒருமுறை ஏற்றிப் பார்த்தவர்தான். நான் சேர்ந்த புதிதில், திருவொற்றியூரில் ஒரு ஆயில் கிடங்கு. எண்பது சதவீதம் ஏறியபோது கரன்ட் போய்விட்டது. பெட்டி அங்கேயே செத்தது. மும்பையிலிருந்து வேறு பெட்டி வரும்வரை மூன்று நாள், தரையில் நாலு கீபோர்டைப் பரப்பிவைத்து அந்த ஆட்கள் வேலை பார்த்தார்கள். பாயும் மூன்று நாளும் அங்கேயே நின்று, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் பேச்சு வாங்கினார். அதற்குப் பிறகு அவரும் டிக் மட்டும்தான்.

இனி பூமாரி. மணலி ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் ஆப்பரேட்டர். என் வயசுதான், முப்பத்தைந்து இருக்கும். பிரின்டர் மக்கர் என்று வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்வாள், அப்படித்தான் பழக்கம். அவள் மேஜையில் ஒரு திரை. உள்ளே வரும் கேட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், வெளியே போகும் கேட்டுக்கு ஒன்று, எடைமேடைக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று. நாலும் எங்கள் பெட்டி வழியாக.

போன வருஷம் மார்ச் பதினாலு, காலை பதினோரு மணி. லாரி ஒன்று உள்ளே போனது. திரையில் உள்கேட் காலியாகத் தெரிந்தது. பூமாரி மூடுவதற்கு விசையைத் தட்டினாள். மூடியது வெளிகேட். மோட்டாரில் ஓடும் இரும்புக் கதவு அது. உதயா என்ற டிரைவர் கதவு வந்து மோதும் தூணில் கையை வைத்துக்கொண்டு செக்யூரிட்டியிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தார். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

"நான் உள்கேட்டத்தான் பாத்துகினு இருந்தேன் சார்" என்று பூமாரி விசாரணையில் சொன்னாள். வெளிகேட் கம்ப்யூட்டரில், கீபோர்டிலிருந்து உத்தரவு வந்ததாகப் பதிவு இருந்தது. ஒருவேளை பெட்டியில் கோளாறோ என்று யார்டில் எங்களைக் கேட்டார்கள். ஒன்பதாம் நாள் பாய் போனார். பட்டனை நாற்பது தடவை தட்டிப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று கம்ப்யூட்டர்கள் ஒழுங்காக வந்தன. 'பெட்டியில் குறை இல்லை. ஃபர்ம்வேர் புதுப்பித்த நிலையில் உள்ளது' என்று எழுதி, டிக் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் அவளைக் கவனக்குறைவு என்று வேலையை விட்டு எடுத்தார்கள். எங்கள் காப்பியை ஃபைலில் குத்தியது நான். குத்தும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து வண்ணாரப்பேட்டையில் அவளைப் பார்த்தேன். ரெடிமேட் மொத்தக்கடையில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. எப்படி இருக்கே என்றேன். "கீறேன்" என்றாள். அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டே, "நாந்தான் தப்பா பாத்துட்டேன் போல மகிமா. கண்ணால பாத்தேன்னு இத்தினி நாளா சொல்லிகினு இருந்தேன். இப்போ எனக்கே தெரியல" என்றாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்குச் சட்டைக் காலருக்கு அட்டை செருகிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் பாய் அந்த யார்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய் டிக் போட்டு வந்தார். நானும் ஃபைலில் குத்திக்கொண்டிருந்தேன். அந்த யார்டு எங்களிடம் வந்த எட்டு வருஷத்துக்கு முப்பத்திரண்டு ஃபாரம்.

இந்த ஜூலையில் யார்டுக்குப் புதிதாக இன்ஷூரன்ஸ் ஆடிட் வந்தது. பாய் அங்கிருந்து போன் செய்தார். "மகிமா, டிக்கு பத்தாதாம். எத்தினியாவது வெர்ஷன்னு ஸ்கிரீன்ல வர்றத போட்டோ புடிச்சி குடுக்கணுமாம்."

"அப்போ ஏத்திடுங்க பாய். யு.பி.எஸ். போட்டுக்கோங்க."

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் போன். "ஃபைலோட ஒரு குறிப்பு வந்துகீது. உனக்கு அனுப்பிகீறேன். ஏழாவது வரிய படி."

இங்கிலீஷில் இருந்தது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டதால் தூங்கிப்போன கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும்போது, சில சமயம் திரை ஒரு கம்ப்யூட்டரிலும் கீபோர்டு வேறொரு கம்ப்யூட்டரிலும் நின்றுவிடும் குறை சரிசெய்யப்பட்டது. அவ்வளவுதான், ஒரே வரி. மேலே தேதி போட்டிருந்தது. விபத்துக்கு முழுசாக இரண்டு வருஷம் முந்தைய தேதி.

தேதியைத் திரும்பவும் படித்தேன். போனில் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஏத்துறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துட்றேன்" என்று வைத்துவிட்டார்.

பார்த்தார். கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து, எழுப்பி, தூங்கவைத்து, எழுப்பி, போனில் வீடியோ எடுத்துக்கொண்டே. இருபத்தாறாவது தடவை திரையில் உள்கேட் வந்தது. அவர் விசையைத் தட்டினார். வீடியோவில் ஜன்னல் வழியாக வெளிகேட் நகர்வது தெரிகிறது. அந்தப் பக்கம் ஆள் யாரும் போகாமல் செக்யூரிட்டியை முன்பே நிறுத்தி வைத்திருந்தார். அதன் பிறகு ஃபர்ம்வேரை ஏற்றினார். பதினெட்டு நிமிஷம். "உக்காந்து பாத்துகினே இருந்தேன். நூறு சதவீதம் வந்துச்சி. எய்ந்து வந்துட்டேன்" என்றார், டீ குடித்ததைச் சொல்வதுபோல.

சாயங்காலம் ஃபாரத்தை என் மேஜையில் வைத்தார். பதினோராவது வரியில் டிக் இல்லை. அடியில் குறிப்பு எழுதும் இடத்தில் அவர் கையெழுத்து: 'இதற்கு முன் ஒருமுறைகூடப் புதுப்பிக்கவில்லை. நான் போட்ட டிக் எல்லாம் பொய். மார்ச் 14 விபத்து பெட்டியின் குறையால் நடந்தது. ஆப்பரேட்டர் மேல் தப்பில்லை. சௌக்கத் அலி.' கீழே யார்டு மேனேஜரின் கையெழுத்தும் சீலும்.

"மேனேஜர் இன்னா சொன்னாரு?"

"படிக்கல. எங்க போடணும்னு கேட்டாரு, காட்டினேன், போட்டாரு."

அண்ணாச்சி வாங்கிப் படித்துவிட்டு வெகுநேரம் விசிறியையே பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு ராத்திரி கூட இருந்தவர். "அவன் படிக்கல, அதுவரைக்கும் நல்லது. ஃபைலுக்குள்ள கிடந்துட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளைக்கும் வேற வேலை கிடைச்சாச்சி. இத நாமளே கிளறினா நாலு யார்டுக்காரனும் நம்மள விட்டுப் போயிருவான், சௌக்கத்து. வீடியோவ அழிச்சிரு" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஆத்திரம் வந்ததோ. "ஒண்ணேகால் வருஷமா அவ தன் கண்ணையே நம்பாம உக்காந்திருக்கா அண்ணாச்சி! வேலை கிடைச்சாச்சாம் வேலை!" என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி எழுந்து உள்ளே போய்விட்டார். பாயைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் அப்படியே இருந்தார்.

"நீங்க எதாவது சொல்லுங்களேன் பாய்."

"இன்னா சொல்றது. காலைலேர்ந்து பாக்கறேன், எனக்கு ஒண்ணும் தோணல மகிமா. பசிக்கல. பயமும் இல்ல. மரத்துகீது. அவள பாக்கணும், நீ கூட வா."

மறுநாள் மத்தியானம் போனோம். சாப்பாட்டு நேரம், கடையின் பின்பக்கம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பூமாரி டிபன்பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். பாய் சுற்றி வளைக்கவில்லை. போனை நீட்டினார். அவள் வீடியோவைப் பார்த்தாள். திரும்ப ஒருமுறை பார்த்தாள். மூன்றாம் தடவை அந்த இடத்தில் நிறுத்தி, திரையில் உள்கேட் இருப்பதை விரலால் தொட்டாள்.

"நான் சரியாத்தான் பாத்துகீறேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"இது எப்பலேர்ந்து தெரியும் அவங்களுக்கு?"

"விபத்துக்கு ரெண்டு வருசம் முன்னாடியே பெட்டி செஞ்சவன் சரி பண்ணி வெளில வுட்டுட்டான். நாந்தான் ஏத்தல. ஏத்திட்டேன்னு டிக்கு போட்டேன். உனக்கு எதிரா குடுத்த பேப்பர்லயும் போட்டேன்." ஃபாரத்தின் மூன்று காப்பியில் தன்னுடையதை எடுத்து அவள் மடியில் வைத்தார். "மேனேஜர் கையெய்த்து இதுல கீது. இத வச்சிகினு நீ கேஸ் போடலாம். நான் வந்து சாட்சி சொல்றேன். என்னை இன்னா வேணா திட்டிக்க."

அவள் திட்டவில்லை. டிபன்பாக்ஸை மூடினாள். அவள் கை நிதானமாகத்தான் இருந்தது.

"அந்த டிரைவர் அண்ணன் ஆஸ்பத்திரில இருந்தப்போ போயி கால்ல வுய்ந்தேன் பாய்" என்றாள். "கட்டு போட்ட கைய தூக்கி, 'வுடும்மா, தெரியாம நடந்துட்ச்சி, உன்ன மன்னிச்சிட்டேன்'னாரு. அத வாங்கிகினு வந்துதான் இத்தினி நாளா வாய்ந்துகினு கீறேன். செய்யாத தப்புக்கு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேசெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவருகிட்ட போ. உங்க ஆளுங்க யாரு கால்லயும் வுய மாட்டாங்க, தெரியும். வுய வாணாம். அவரு எதிர்ல போயி நில்லு. டிக்கு போட்டது இந்தக் கைதான்னு காட்டு. எனக்குக் குடுத்த மன்னிப்ப அவரு உனக்குக் குடுப்பாரோ மாட்டாரோ. எனக்கு அது வாணாம்."

ஒரு அட்டையைக் கிழித்து அதில் உதயாவின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். பொன்னேரி. பாய் வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். வெளியே வந்தோம். வண்டி எதிரிலேயே நின்றது, அவர் சாவியை எடுக்கவில்லை.

"பொன்னேரி பஸ்சு எங்க நிக்கும் மகிமா?"

"வண்டி இருக்கே பாய்?"

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "ஓட்ட முடியாது" என்றார். "நடுங்குது."