நாய்க்குட்டியோடு மணற்காட்டில்

ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து நெல்லியடி வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்தது. மாற்றினேன். திரும்பவும் நனைந்தது. பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் போட எழும்பினேன், பிடித்து இருத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை.

ஒன்றரை மாதம் அப்படியே போனது. ஒருநாள் என் கணவர் வேலை முடிந்து வரும்போது ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். மண்ணிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது விழுந்து கிடக்கும். அதன்மேல் எனக்குக் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. நேரத்துக்குச் சோறு வைத்தேன். பெயர்கூட வைக்காமல் குட்டி என்றே கூப்பிட்டோம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு விடிய, கணவர் “வாரும், மணற்காட்டுக்கு ஒருக்காப் போட்டு வருவம்” என்றார்.

“எனக்கு ஏலாது.”

“நடக்க வேண்டாம். மோட்டச்சைக்கிளிலை குட்டியைப் பிடிச்சிருக்க ஒரு ஆள் வேணும்.”

போனேன். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. ஏறுவதற்கென்று எங்களுக்கு இருப்பது கடற்கரையோரம் குவிந்து கிடக்கும் அந்த வெள்ளை மணல் மேடுகள்தான்.

குட்டி முதலில் ஒரு காலை மணலில் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. பிறகு அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மூக்கால் மணலை உழுதுகொண்டு ஓடியது. மேட்டில் ஏறி, வயிற்றால் சறுக்கி இறங்கி, தும்மிவிட்டுத் திரும்பவும் ஏறியது. கணவர் சிரித்தார். படம் எடுத்து நோர்வேயில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினார். உடனே போனில் அக்காவின் குரல் வந்தது: “எடி, உதென்ன பனியோ? இஞ்சை நாயள் பனியைக் கண்டாலும் உப்பிடித்தான்!”

குட்டி உயரமான மேட்டுக்கு ஓடியது. நாங்களும் பின்னால் ஏறினோம். இரண்டு அடி வைத்தால் ஓரடி கீழே சறுக்கியது. கெண்டைக்கால் நொந்தது. உச்சியில் நின்றபோது கடல் தெரிந்தது. பார்த்தேன், அவ்வளவுதான்.

குட்டி அங்கேயே குழி தோண்டத் தொடங்கியது. தோண்டத் தோண்ட மணல் சரிந்து குழியை மூடியது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:

“பிள்ளையை எங்கை தாட்டனீங்கள்?”

அவர் மணலில் குந்திவிட்டார். “ஊர்ச் சுடலையிலை. பூவரசுக்குக் கிட்ட.”

“ஆர் குழி வெட்டினது?”

“நான்தான். அண்ணை வெட்டுறன் எண்டவர். நான் விடேல்லை.”

“தலைமயிர் இருந்ததோ?”

“ஓம். நிறைய. நெத்தியிலை ஒட்டிக் கிடந்தது.” ஒரு பிடி மணலை அள்ளிக் கீழே விட்டார். “நீர் கேக்கேல்லை. தாங்கமாட்டீரோ எண்டு நானும் சொல்லேல்லை.”

பிறகு முழங்காலில் முகத்தை வைத்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அவருடைய முதுகில் கையை வைத்தேன். முதுகு குலுங்குவது கைக்குத் தெரிந்தது. எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை. குட்டி மணல் அப்பிய முகத்தோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நுழைந்து படுத்துக்கொண்டது.

மழை தொடங்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் போனோம். இரண்டாம் தடவை நான்தான் முதலில் வெளிக்கிட்டு நின்றேன். இதற்கிடையில் ஒருநாள் சுடலைக்கும் போய்வந்தேன். “பொம்பிளையள் அங்கை போறேல்லை” என்று மாமியார் மறித்தார். கணவர் மோட்டச்சைக்கிளை எடுத்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். பூவரசின் கீழ் நிலம் மட்டமாக இருந்தது. இடத்தை அவர் கையால் காட்டினார். அங்கேயும் நான் அழவில்லை.

அழுகை மாசியில் வந்தது. வேலைக்குத் திரும்பியிருந்தேன். சாவகச்சேரி பஸ்ஸில், ஒரு காரணமும் இல்லாமல், இறங்கவேண்டிய இடமும் தாண்டிப்போகும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தன் சேலைத் தலைப்பை நீட்டினார்.